பெற்றோரும் தொடக்கப் பள்ளியும்: யார் வேலை எது?

"பெற்றோர் ஒத்துழைப்பே இல்லை" என்பது ஆசிரியர்களின் குறை. "பள்ளிக்கூடத்துல ஒண்ணும் சொல்லிக் குடுக்கிறதில்ல" என்பது பெற்றோரின் குறை. ஒத்துழைப்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வீட்டுப்பாடத்தை முடிக்க வைப்பது என்பார் ஒருவர். ஆண்டு விழாவுக்கு நன்கொடை தருவது என்பார் இன்னொருவர். டியூஷனுக்கு அனுப்புவதுதான் என்று நம்புகிறவர்களும் உண்டு. தொடக்கப் பள்ளி வயதில் பிள்ளைக்கு உண்மையில் கைகொடுப்பது இவற்றில் எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிள்ளையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்ததையும் பள்ளிக்குத் தெரிந்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அடுத்த சில வாரங்களில் என்ன செய்வது என்று இரு தரப்பும் பேசி முடிவெடுப்பதே ஒத்துழைப்பு.

## காய்ச்சலில் தொடங்கலாம்

காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போகிறோம். அவர் பிள்ளையைப் பார்ப்பது ஐந்து நிமிடம். எத்தனை நாளாகக் காய்ச்சல், ராத்திரியில் ஏறுகிறதா, சாப்பிட்டதா, வாந்தி உண்டா என்று நம்மிடம்தான் கேட்கிறார். அந்தப் பதில் சரியாக இருந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும். மருந்தை வேளை தவறாமல் கொடுப்பது வீட்டில். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்வதும் வீடுதான். அதற்காக ஊசியை நாமே போடுவதில்லை.

பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு இதே மாதிரிதான். பாடம் நடத்துவது, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அதற்கேற்ற பயிற்சி தருவது எல்லாம் ஆசிரியரின் வேலை. தினமும் அனுப்புவது, வாசிக்கக் கேட்பது, பேச வைப்பது, கண்ணில் பட்டதைப் போய்ச் சொல்வது எல்லாம் வீட்டின் வேலை. சட்டமும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றதில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அந்தக் கடமைகளில் ஒன்று. ஆகவே "என் பிள்ளை எப்படிப் படிக்குது?" என்று கேட்க எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.

*இதுவரை பார்த்தது:* கற்பிப்பது பள்ளி. கற்பதற்கு ஏற்றபடி பிள்ளையை வைத்திருப்பதும், தெரிந்ததைச் சொல்வதும் வீடு. நடுவில் தகவல் இரண்டு பக்கமும் போய் வர வேண்டும்.

## ஒரு வாரம் லீவு போட்டால் என்ன ஆகும்?

முதலாம் வகுப்புதானே, ஒரு வாரம் போகாவிட்டால் என்ன என்று நினைப்பது சகஜம். குலதெய்வம் கோவில், உறவில் கல்யாணம், ஊரில் திருவிழா என்று காரணங்களுக்கும் குறைவில்லை. ஆனால் படிப்பில் விழும் முதல் ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். உயிர்மெய் 216 என்றாலும் பிள்ளை 216 வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. 18 மெய்யெழுத்துகளின் வடிவத்தையும், அவற்றோடு சேரும் துணைக்கால், கொம்பு, சுழி போன்ற குறிகளையும் கற்றுக்கொள்கிறது. இந்தக் குறிகள் ஒவ்வொன்றாக, நாள் கணக்கில் இடைவெளி விட்டு அறிமுகமாகும். துணைக்கால் நடத்தும்போது பிள்ளை வகுப்பில் இருந்து, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு நடத்திய வாரத்தில் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிள்ளை "கொடி" என்ற சொல்லைப் பார்க்கும். முன்னால் இருக்கும் கொம்பு அதற்குப் புரியாது. பின்னால் இருக்கும் துணைக்காலை மட்டும் பிடித்துக்கொண்டு "காடி" என்று வாசிக்கும். "தேன்" என்பதைத் "தன்" என்று வாசிக்கும். வகுப்போ அதற்குள் சொற்களுக்கும் சிறு தொடர்களுக்கும் நகர்ந்திருக்கும். பிள்ளை பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் சேர்ந்து சொல்லத் தொடங்கும். வெளியே பார்த்தால் படிப்பது போலவே தெரியும். மூன்றாம் வகுப்பில்தான் விஷயம் வெளியே வரும்.

1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. மாதத்துக்கு இரண்டே நாள் என்று பத்து மாதம் தவறினாலும் 20 நாள் போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. இதில் திங்கட்கிழமைகளைத் தனியாகக் கவனியுங்கள். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்த் திங்கள் இரவு திரும்பும் வழக்கம் இருந்தால், வாரத் தொடக்கத்தில் அறிமுகமாகும் புதுப் பாடங்கள் திரும்பத் திரும்பக் கைநழுவும்.

தவிர்க்க முடியாத லீவு என்றால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். திரும்பிய அன்று "என்ன நடத்தினீங்க, எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். "எந்த எழுத்து, எந்தக் கணக்கு புதுசு?" என்று கேட்டால் இன்னும் நல்லது. அந்த ஒரு குறியை இரண்டு மூன்று நாள் திருப்பிப் பழக்கினால் பெரும்பாலும் ஓட்டை அடைபட்டுவிடும். நோட்டில் விட்ட பக்கங்களை எல்லாம் பார்த்து எழுத வைப்பதால் பயனில்லை. கை எழுதும், கண் வாசிக்காது.

## பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது?

மதிப்பெண் அட்டையில் 78 என்று இருந்தால் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. வாசிப்பு நிலை என்பது வேறு. பிள்ளை எழுத்தை அறிகிறதா, சொல்லை வாசிக்கிறதா, பத்தியை வாசிக்கிறதா, கதையை வாசிக்கிறதா என்ற படிகளில் எந்தப் படியில் நிற்கிறது என்பதே வாசிப்பு நிலை. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு 2005 முதல் ஏசர் என்ற பெயரில் கிராமப்புற வீடுகளுக்கே போய் நடத்தும் ஆய்வு இந்தப் படிகளை வைத்துத்தான் நடக்கிறது. அதே முறையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.

பிள்ளை இதுவரை பார்க்காத, முதலாம் வகுப்புத் தரத்தில் நான்கு வரி உள்ள ஒரு பத்தியை முதலில் கொடுங்கள். சொல் சொல்லாக உடைக்காமல் வாக்கியமாக வாசித்து, தவறுகள் மூன்றுக்குள் இருந்தால் பத்தி நிலை தாண்டியாயிற்று. அடுத்து, இரண்டாம் வகுப்புத் தரத்தில் எட்டு, பத்து வாக்கியம் உள்ள சிறு கதையைக் கொடுங்கள். பத்தியிலேயே திணறினால் கீழே இறங்கி ஐந்து எளிய சொற்களைக் காட்டுங்கள். நான்கு சரியாக வந்தால் சொல் நிலை. அதுவும் வராவிட்டால் ஐந்து எழுத்துகள். அதில் நான்கு சரியாக வந்தால் எழுத்து நிலை.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே நடத்திய பாடத்தைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பிள்ளை அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கும், மளமளவென்று ஒப்பிக்கும். சந்தேகம் இருந்தால் பத்தியின் நடுவில் உள்ள ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தால் பிள்ளை வாசிக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறது.

இந்தச் சோதனையின் நோக்கம் பிள்ளையைத் திட்டுவதற்குக் காரணம் தேடுவதில்லை. ஆசிரியரிடம் "படிக்கவே மாட்டேங்கிறா டீச்சர்" என்பதற்குப் பதிலாக "சொல் வாசிக்கிறா, பத்தி வந்தா நின்னுடுறா" என்று சொல்ல முடிய வேண்டும். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்துக்கொண்டு நாளைக்கே தொடங்கலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்தின் அடிப்படையும் இந்த நிலைதான். வயதை மட்டும் பார்க்காமல், பிள்ளை கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பயிற்சி தருவது அதன் முறை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர்ல இருக்கு, எம்பிள்ளைய ஏன் அரும்புல போட்டீங்க?" என்று சண்டைக்கு வரும் பெற்றோர் உண்டு. அரும்பு என்பது தரவரிசையோ தண்டனையோ இல்லை, பிள்ளை இப்போது நிற்கும் இடம். அங்கிருந்து தொடங்கினால்தான் நகரும். நகர்கிறதா என்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பதுதான் பெற்றோரின் வேலை. நகரவில்லை என்றால் அப்போது கேள்வி கேட்க வேண்டியதும் அவசியம்.

*சுருக்கமாக:* மதிப்பெண்ணை விட நிலை முக்கியம். புதுப் பத்தியை வைத்துச் சோதியுங்கள். கண்டதை அப்படியே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

## "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே"

பெற்றோர் ஒதுங்கிக்கொள்வதற்கு முதல் காரணம் இந்த எண்ணம்தான். இது தவறு என்பதற்குப் பழைய, உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. 1970களில் லண்டன் மாநகரின் ஹாரிங்கே பகுதியில், ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 1982இல் வெளியாயின. சில வகுப்புகளில் பள்ளியே புத்தகம் கொடுத்தனுப்ப, பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். வேறு சில வகுப்புகளில் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் சிறு குழுக்களாகப் பிரித்துக் கூடுதல் பயிற்சி கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கூடுதல் ஆசிரியர் கிடைத்த வகுப்புகளில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் சரளமாகப் பேசத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் கற்பிக்கவில்லை, உட்கார்ந்து கேட்டார்கள்.

கேட்பது ஏன் வேலை செய்கிறது? வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், தனித்தனியாக உரக்க வாசிக்க ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாளுக்கு ஒரு நிமிடமோ இரண்டோதான். வீட்டில் பத்து நிமிடம் வாசித்தால் அந்தப் பழக்கம் பல மடங்காகிறது. கேட்கும் ஆள் ஒருவர் இருப்பதால் பிள்ளை பாதியில் நிறுத்துவதும் குறைகிறது.

எழுத்து தெரியாத அம்மாவோ பாட்டியோ இப்படிச் செய்யலாம். பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளை வரியின் கீழே விரலை ஓட்டியபடி வாசிக்கட்டும். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள், அதட்ட வேண்டாம். பக்கம் முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு? அந்த நரி ஏன் அங்க போச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை ஊகித்து வாசித்தால் கதை ஒட்டாது. ஒட்டாததைக் கண்டுபிடிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை, கதை கேட்கத் தெரிந்தால் போதும். "இது சரியா வரலயே, திரும்பப் பாரு" என்றால் பிள்ளையே தேடித் திருத்தும்.

நேரம் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அதற்கு ஈடாகாது. அலுத்துப்போன பிள்ளை புத்தகத்தையே வெறுக்கும்.

## கணக்கில் தவறைப் பாருங்கள்

52 − 27 என்ற கணக்குக்குப் பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. பார்த்ததும் "கவனமே இல்ல" என்கிறோம். கவனம் இருந்திருக்கிறது. ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்று தெரிந்ததும், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதிவிட்டது. பத்துகள் இடத்தில் 5இல் 2 போக 3. இரண்டும் சேர்ந்து 35. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றலாம் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இந்த இடத்தில்தான் வீடும் பள்ளியும் மோதிக்கொள்கின்றன. "பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு" என்று வீட்டில் சொல்லிக் கொடுப்போம். பள்ளியில் பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக்கி, ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் வைத்து, ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் என்று காட்டுவார்கள். அதிலிருந்து இரண்டு கட்டும் ஏழு குச்சியும் எடுத்தால் மிச்சம் 25. இரண்டு முறையும் ஒன்றுதான். ஆனால் "கடன்" என்ற சொல்லும் "கட்டு" என்ற சொல்லும் ஒரே நாளில் காதில் விழுந்தால் ஏழு வயதுப் பிள்ளை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடும். வீட்டில் புது முறை சொல்லித் தரும் முன் "வகுப்புல எப்படிச் செஞ்சீங்க, எனக்குக் காட்டு" என்று பிள்ளையிடமே கேளுங்கள். காட்ட முடிந்தால் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் அதை நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

வீட்டுப்பாடத்தைப் பெரியவர்கள் செய்து கொடுப்பதில் உள்ள கேடும் இதுதான். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தால் இந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். தவறான விடை ஆசிரியருக்கு ஒரு தகவல், அதை அழித்துவிடாதீர்கள். "20 நிமிடம் முயன்றான், மூன்றாவது கணக்கில் நின்றுவிட்டான்" என்ற ஒரு வரி, நேர்த்தியாக முடித்த பத்துக் கணக்கை விட ஆசிரியருக்கு உதவும்.

## ஆசிரியரைச் சந்திக்கும் பத்து நிமிடம்

30 பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 300 நிமிடம். ஐந்து மணி நேரப் பேச்சை ஒரே பிற்பகலில் முடிக்க முடியாது. அதனால்தான் பெற்றோர் கூட்டம் என்று எல்லாரையும் உட்கார வைத்துப் பொதுவாகப் பேசி அனுப்பும் வழக்கம் வந்தது. பொதுக் கூட்டத்தில் தனிப் பிள்ளையைப் பற்றிப் பேசவும் கூடாது, பேசினால் மற்றவர்கள் முன் அந்தப் பெற்றோர் குறுகிப் போவார்கள். வாரத்துக்கு ஐந்து வீடு என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் எல்லாரையும் தனித்தனியே பார்த்துவிடலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிற்பகல் மூன்று மணி என்பது அரைநாள் சம்பளம் என்பதைப் பள்ளி உணர வேண்டும். காலையில் பிள்ளையை விட வரும் நேரம்தான் அவர்களுக்குத் தோது. அம்மா அப்பா வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால், கையெழுத்துக்காக அம்மாவைத் தேடாமல் பாட்டியைக் கூப்பிடுங்கள். விவரம் தெரிந்தவர் அவர்தான்.

பெற்றோர் கேட்க வேண்டியவை மூன்று. இப்போது எந்த நிலையில் வாசிக்கிறது? கணக்கில் எந்த இடத்தில் தவறுகிறது? வகுப்பில் யாரோடு பேசுகிறது, யாரோடும் பேசாமல் இருக்கிறதா? பெற்றோர் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. தூக்கம், கண் பார்வை (டிவிக்குக் கிட்டே போய் உட்காருகிறதா), காது, வீட்டில் நடந்த இழப்பு அல்லது சண்டை, இடம் மாறியது, பள்ளிக்குப் போகப் பயப்படுவது. கரும்பலகை சரியாகத் தெரியாததால் "மந்தம்" என்று பெயர் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். மனம் கசிகிறது. வீட்டில் கவனித்த ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

பிரியும் முன் ஒரே ஒரு விஷயத்தில் முடிவெடுங்கள். "நாலு வாரம், தினம் பத்து நிமிஷம் வாசிக்கக் கேட்கிறோம். டீச்சர் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பைத் தனியா பழக்குவாங்க. அடுத்த மாசம் திரும்பப் பார்ப்போம்." ஐந்து விஷயத்தைப் பேசி வைத்தால் ஒன்றும் நடக்காது.

வாட்ஸ்அப் குழு லீவு அறிவிப்புக்குச் சரி. பிள்ளையின் நிலையைப் பேசும் இடம் அது அல்ல.

## பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன?

இதுவரை பார்த்தது ஒரு பிள்ளையின் விஷயம். பள்ளிக்கூடம் முழுவதற்குமான விஷயங்களுக்கும் பெற்றோருக்கு இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமைவது பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 20 பேர் குழு என்றால் 15 பேர் பெற்றோர், 10 பேர் பெண்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. கழகம் என்பது சங்கம். குழுவுக்குச் சட்டம் வேலை கொடுத்திருக்கிறது: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வரும் மானியம் செலவாவதைக் கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், என்ன கட்டடம், எவ்வளவு பணம் தேவை என்று எழுதி வைக்கும் திட்டமே பள்ளி வளர்ச்சித் திட்டம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பங்கு மட்டுமே உண்டு. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

எங்கே சறுக்குகிறது? தீர்மானப் பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதில் சறுக்குகிறது. கூட்டம் நடக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த சறுக்கல், தீர்மானத்தின் வாசகம். "கழிப்பறையைச் சீர்செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். "பெண்கள் கழிப்பறையில் இரண்டாவது அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலை 11 மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாளை இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் தலைமை ஆசிரியர் பள்ளி மானியத்திலிருந்து மாற்றுவார். தண்ணீர் பற்றி ஊராட்சிக்கு இன்றே கடிதம்" என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் கேட்க முடியும். இது சின்ன விஷயம் இல்லை. கழிப்பறைக்குப் போக முடியாத பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி, மாணவர் எண்ணிக்கை 30 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய் வரை, 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை, 250 வரை உள்ளதற்கு 50,000 ரூபாய் வரை. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கூட்டத்தில் கேட்பது குழு உறுப்பினரின் கடமை. கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

## சொன்னது நடக்காவிட்டால்

முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர், பிறகு குழுவின் தீர்மானம் என்ற வரிசையில் போங்கள். அங்கும் நகரவில்லை என்றால் தீர்மானத்தின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். ஊராட்சி செய்ய வேண்டிய வேலை என்றால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அடி, அவமானப்படுத்துதல் போன்ற விஷயத்தில் மட்டும் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அன்றே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.